மகளுக்கு ஒன்றுமில்லை

"உங்க மரபணுவையும் மூளை ஸ்கேனையும் கம்ப்யூட்டர் சேர்த்துப் பார்த்திருக்கு சார். மறதி நோய் சீக்கிரமே வரும்னு சொல்லுது" என்றார் டாக்டர், எதிரே இருந்த பெரியவரிடம். "போகப்போக எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாதுன்னே தெரியாமப் போயிடலாம்."

மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் வருமா டாக்டர்?" என்றாள் மகள்.

"உங்க ரத்தத்தையும் சோதிச்சாச்சு. அப்பாவுக்கு இருக்கிற அந்த நோய் மரபணு உங்களுக்கு இல்லைம்மா. நிம்மதியா இருங்க."

மகள் கண்ணைத் துடைத்தபடி கணவனுக்குப் போன் செய்ய வெளியே போனாள்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "போன தடவை, எனக்கு அந்த மரபணு அப்பா வழியிலயும் வந்திருக்கு, அம்மா வழியிலயும் வந்திருக்குன்னீங்களே. அப்படின்னா என் பிள்ளைக்கு ஒண்ணாவது வந்தே தீரணும் இல்லையா?"

டாக்டர் திகைத்தார். "சாம்பிள் மாறியிருக்கும். மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

"வேண்டாம். அவ எனக்குப் பிறந்தவ இல்லைன்னு ஆரம்பத்துலயே தெரியும்."

மனைவியின் கை சட்டென்று விலகியது.

"இத்தனை வருஷம் உன்கிட்டகூட மூச்சு விடல" என்றார் அவளிடம். "இனிமே என் வாய் என் பேச்சைக் கேக்காதாம். அதான் பயமா இருக்கு."

கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள்.

"அப்பா, அவரும் சரின்னுட்டாரு. நாளைக்கே எங்க வீட்டுக்கு வந்துடுங்க. வேலையை விட்டுட்டு உங்க பக்கத்துலயே உக்காந்து, நீங்க என்ன பேசினாலும் கேட்டுக்கிட்டே இருக்கப்போறேன்."