மச்சான் மறைத்த இடங்கள்

"ஏளா எமில்டா, கதவைச் சாத்து. இது வெளிய தெரிஞ்சா என் மச்சான் ரெக்சன் என்னைக் கொன்னே போடுவான்."

எமில்டா கதவைச் சாத்தினாள். நிலம் அளந்து மேப் போட்டுக் கொடுக்கும் அவளுடைய சின்ன ஆபீசுக்கு இப்படிப் பதுங்கிப் பதுங்கி இதுவரை யாரும் வந்ததில்லை.

விக்டர் செல்போனை நீட்டினார். "ரெக்சன் பொத்திப் பொத்தி வச்சிருக்க பார் லிஸ்ட். எல்லாத்தையும் மேப்ல போட்டுக் குடு."

கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டைத்தான் தூத்துக்குடிக் கரையில் பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி கிடந்த இடம். இப்போது மீன் அடையும் இடம். எந்தப் பாரில் மீன் இருக்கிறது என்று கூடப்பிறந்தவனிடமே யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காள் புருஷனிடமா சொல்வார்கள்?

விக்டர் பல வருஷம் கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து போட் வாங்கியவர். மீனை எப்படிப் பொரிப்பது என்று தெரியும். எங்கே பிடிப்பது என்று தெரியாது. அவர் போட் வெறும் வலையோடு திரும்பும்போதெல்லாம் ரெக்சனின் போட் நிறைந்து வரும். 'இன்னொரு தடவ இப்படின்னா நாங்க ரெக்சன் அண்ணாச்சி போட்டுக்குப் போயிருவோம்' என்று டிரைவர் முப்பிடாதி சொல்லிவிட்டான். அதனால்தான் ரெக்சன் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், மச்சான் கை கழுவப் போன நேரம் பார்த்து, அவன் போனிலிருந்த இந்த எக்ஸெல் ஃபைலைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்.

எமில்டா அதைக் கம்ப்யூட்டரில் திறந்து வாசித்தாள். "பழைய பார், புதுப் பார், மேலப் பார்... குறிப்பெல்லாம் போட்டிருக்காங்களே. 'நண்டு அருமை.' 'எறா உண்டு.' 'ஞாயித்துக்கிழமை கூட்டம்.'"

"அன்னைக்கு நாம கடலுக்குப் போக மாட்டோம்லா, அதான் மீனெல்லாம் தைரியமாக் கூடுது!" விக்டருக்குப் புல்லரித்தது. "பக்கத்துல ரெண்டு நம்பர் இருக்குல்லா, அதுதான் எனக்கு ஒண்ணும் புரியல."

"அதுதான் எடம், அண்ணாச்சி. லிஸ்ட்டா இருக்க வரைக்கும் இது வெறும் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் மேப்ல ஒரு புள்ளி குடுக்கணும். எது அட்சரேகை, எது தீர்க்கரேகைன்னு காட்டிட்டா சாஃப்ட்வேரே புள்ளிய வச்சிரும்."

விக்டர் உடனே முப்பிடாதிக்குப் போன் போட்டார். "ஏலே, ஐஸ் ஏத்து. டீசல் ரொப்பு. இன்னைக்கு வலை கிழியப் போவுது!"

எமில்டா பட்டனைத் தட்டினாள். புள்ளிகள் கொத்தாக வந்து விழுந்தன. தூத்துக்குடியில் அல்ல, நார்வேக்கு வடக்கே, பனிக்கட்டி மிதக்கும் கடலில்.

விக்டர் வாயைப் பிளந்தார். "அடப்பாவி, இம்புட்டுத் தூரமா போறான்? அதான் ஐஸே வாங்க மாட்டேங்கான்!"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு நம்பரும் எடம் மாறிக் கெடக்கு. இருங்க, மாத்திப் போடுதேன்."

மாற்றிப் போட்டாள். புள்ளிகள் ஒரே தாவலாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. விக்டர் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"என்னளா இது, எல்லாம் தரையில கெடக்கு? கொஞ்சம் கடல் பக்கம் தள்ளி வையி."

"அப்படியெல்லாம் தள்ளக் கூடாது, அண்ணாச்சி. நம்பர் எங்க சொல்லுதோ அங்கதான் புள்ளி." கடைப் பெயர்களோடு கூடிய சாட்டிலைட் படத்தைப் புள்ளிகளுக்கு அடியில் போட்டு, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது புள்ளியில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அண்ணாச்சி," முப்பிடாதியின் குரலில் அப்படியொரு உற்சாகம். "ஐஸ் ஏத்தியாச்சு, எல்லாரும் போட்ல ரெடி. மொதப் பாருக்கு எந்தப் பக்கம் திருப்ப?"

விக்டர் திரையைப் பார்த்தார். முதல் புள்ளி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒயின்ஷாப்பின் மாடியில் இருந்தது, இரண்டாவது இன்னொரு ஒயின்ஷாப்பின் கொல்லையில், மூன்றாவதும் அதேபோல்தான்.

"போட்ல போவ முடியாதுலே," என்றார் ஈனக்குரலில். "எல்லாரும் ஆட்டோ பிடிச்சு வாங்க."