இனி வர வேண்டியதில்லை

“கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அம்மாவின் குடும்பப் பெயர் என்ன?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் வங்கி அதிகாரி விசைப்பலகையில் விரல் வைத்துக் காத்திருந்தான். இளவயது. செம்பட்டைத் தாடி. போலந்தில் அம்மாவின் பெயர் இல்லாமல் கணக்குத் திறக்க முடியாதாம். அதிலும் வெளிநாட்டாருக்குக் கேள்விகள் கூடுதலாம்.

எங்கள் பக்கம் குடும்பப் பெயரெல்லாம் கிடையாது என்றாள். தெரிந்த ஆங்கிலத்தை ஒட்டுப்போட்டுச் சொன்னாள். அப்பா பெயரின் முதல் எழுத்துதான். கல்யாணம் ஆனால் அது போய், புருஷன் பெயரின் எழுத்து வந்து உட்காரும்.

அப்படியென்றால் அம்மாவின் அப்பா பெயர் போதும் என்றான்.

சுடலைமுத்து.

ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுத் தட்டினான். தாத்தாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று. அவர் என்ன வேலை செய்தார் என்றும் கேட்டால் தேவலை என்றிருந்தது.

கேட்கவில்லை.

பிறந்த ஊர்?

தென்திருப்பேரை. அதையும் எழுத்தெழுத்தாக.

வேலை?

ஹோட்டல் சலவை அறை. படுக்கை விரிப்பும் துண்டும் மலையாகக் குவியும். இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசினாலும் அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது.

யாருடன் வசிக்கிறீர்கள்?

தனியாக.

அதற்கு ஒரே தட்டுதான்.

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். சேர்ந்தாயிற்று. சேர்ந்த பட்டணத்தில் வாய் திறக்க ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று சொன்னவர்கள் சொல்லிவைக்கவில்லை.

அவள் இந்த நாற்காலியில் உட்காருவது இது மூன்றாம் தடவை. முதலில் வாடகை ஒப்பந்தம் இல்லை என்று திருப்பி அனுப்பினான். பிறகு வேலைச் சான்றில் முத்திரை இல்லை என்றான். ஊராக இருந்தால் இந்நேரம் வங்கி வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். இங்கே கோபமே வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்றைக்குக் கணக்கு ஆகாவிட்டால் இந்த மாதச் சம்பளம் கிடையாது, அடுத்த மாதம்தான் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். சம்பளம் வந்தால்தான் ஊருக்கு அனுப்ப முடியும். காலையில்கூடக் கணவர் போனில் கூப்பிட்டார்.

“இன்னுமா ஆவல? அப்படி என்னதான் கேக்கான் அந்த பேங்க்காரன்?”

என்னவெல்லாமோ கேட்கிறான் என்று சொல்ல நினைத்தாள். என் பெயரைக் கேட்கிறான். அம்மாவைப் பற்றிக் கேட்கிறான். எங்கே பிறந்தாய், யாரோடு இருக்கிறாய் என்று கேட்கிறான். தண்ணீர் வேண்டுமா என்று முதல் நாளே கேட்டான்.

“இன்னைக்கு ஆயிரும்” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அவன் திரையைப் பார்த்து அவள் பெயரை வாசித்தான். சங். கர. வடிவு. மேடுபள்ளத்தில் சைக்கிள் விடுகிறவன் மாதிரி விழாமல் கடைசிவரை வந்து சேர்ந்தான். ஹோட்டலில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையைக் காட்டுவார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். ஒரு கையெழுத்துதான் பாக்கி. அட்டை தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். மற்றதெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

“இனி நீங்கள் இங்கே வர வேண்டியதே இல்லை.”

நல்ல செய்தி சொல்கிறவனின் சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது.

அவளுக்குத் துக்கமாக இருந்தது. கணக்குக் கிடைத்ததற்குத் துக்கப்படுகிற பொம்பளை உலகத்தில் இருப்பாளா என்று வெட்கமாகவும் இருந்தது.

கையெழுத்துப் பலகையை அவள் பக்கம் திருப்பினான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட வேண்டும். ஒரே தடவைதான். மாறினால் கணினி பூட்டிக்கொள்ளும், புதிதாக நாள் வாங்க வேண்டும் என்று எச்சரித்தான். பாஸ்போர்ட்டையும் விரித்து முன்னால் வைத்தான்.

அதில் தமிழில் போட்டிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு அந்த ஒரு கையெழுத்துதான்.

பேனாவை எடுத்தாள். சாயங்காலம் கணவர் கூப்பிடுவார் என்பது நினைவில் இருந்தது. சம்பளமும் நினைவில் இருந்தது.

நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, ஆங்கிலத்தில் போட்டாள்.

அவன் திரையைப் பார்த்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நேரம் இருக்கிறது என்றான். முதலிலிருந்து எல்லாக் கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் பரவாயில்லை என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், கதவருகில் நின்று திரும்பினாள்.

“போயிட்டு வாரேன்” என்றாள், தமிழில்.