மலரின் முகம்

பாரிசவாதம் வந்த பிறகு யசிந்தா ஆட்களுக்கு முன்னால் தூரிகையைத் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்து ஓவியக் கண்காட்சியில், சனம் வராத காலையொன்றில் மலர்தான் கேட்டாள்.

“அன்ரி, என்னை ஒருக்கா வரையுங்கோவன்.”

“கை நடுங்குது பிள்ளை.”

“பரவாயில்லை. நான் ஆடாமல் இருக்கிறன்.”

மலர் சொன்னபடியே இருந்தாள். ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர, யசிந்தாவின் கை நடுக்கத்தோடே கனவில் ஓடுவதுபோல ஓடியது.

மகன் எமில்ராஜ் வந்து பார்த்தான். தாளில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உதுக்கு முகமே இல்லையே!”

மலர், வருகிறவர்களை வரைந்து கொடுப்பதற்கென்று அவன் செய்த இயந்திரம். ஓர் இரும்புக்கை, ஒரு கமரா, ஒரு குரல். அவ்வளவுதான்.

“எனக்கு முகம் தெரிஞ்சது, வரைஞ்சன்,” என்றாள் யசிந்தா.

மலரின் கமரா தாளின் பக்கம் குனிந்தது.

“நான் இவ்வளவு வடிவோ அன்ரி?”