பத்துப் பரப்பும் ஓர் ஒப்பமும்

"எழுதும் தம்பி. வந்திருக்கிறவை: பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் இராசநாயகம். எழுதுவினைஞர் செபநாயகம், அது நீர். காணி உறுதி எழுதுற நொத்தாரிசு நமசிவாயம், அது நான். காணிக்காரி கனகாம்பிகை. காணிக்காரியின்ரை புருசன் தம்பிராசா..."

நமசிவாயம் அந்த இடத்தில் நின்றுவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் கனகாம்பிகையைப் பார்த்தார்.

"அவரை என்னெண்டு எழுதுறது, பிள்ளை?"

"ஜெர்மனி எண்டு எழுதுங்கோ ஐயா."

"போன முறையும் ஜெர்மனி. அதுக்கு முந்தின முறையும் ஜெர்மனி. நாங்கள் இஞ்சை வந்து போன தூரத்துக்கு நடந்தே ஜெர்மனிக்குப் போயிருக்கலாம்."

செபநாயகம் சிரித்தான். இராசநாயகம் சிரிக்கவில்லை.

எண்பத்துநாலில் தொடங்கிய வேலை, தொண்ணூற்றிரண்டாகியும் முடியவில்லை. வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு மைதானம். பொல்லால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற எல்லே விளையாட்டுக்கு நீளமான வெளி வேண்டும். பொடியள் கோயில் வீதியில் விளையாடி, ஐயரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த காணிக்காரர் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நடுவிலே கனகாம்பிகையின் பத்துப் பரப்பு நிலம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. அது அவளுடைய சீதனக் காணி. சீதனமானாலும் புருசனின் ஒப்பம் இல்லாமல் பெண்சாதி விற்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அப்படி.

புருசன்தான் இல்லையே. எண்பத்தாறில் தோளில் துவக்கோடு நாலு பேர் தம்பிராசாவைத் தேடி வந்தார்கள். அவன் முதல்நாளே ஜெர்மனிக்கு வெளிக்கிட்டுவிட்டான் என்றாள் கனகாம்பிகை. வந்தவர்கள் அதற்குப் பிறகும் இரண்டு தரம் வந்து போனார்கள். ஜெர்மனியில் அவனைக் கண்டதாக இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. கடலிலேயே முடிந்திருப்பான் என்று ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது.

இராசநாயகம் மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை. எல்லேயில் பந்து போடுகிறவன் எதிராளி அல்ல, அடிக்கிறவனின் சொந்தக் கட்சிக்காரன். பதினொரு வருசம் தம்பிராசாவுக்குப் பந்து போட்டவர் இராசநாயகம். "இன்னும் கொஞ்சம் மேலை, நாயகம்" என்பான். போடுவார். பந்து பனைக்கு மேலால் போகும். அவன் போன பிறகு அவர் வேறு ஒருவனுக்கும் பந்து போடவில்லை. கேட்டால் தோள்மூட்டு நோ என்பார். தோள்மூட்டில் ஒன்றுமில்லை.

"பிள்ளை, வெள்ளிக்கிழமைதான் கடைசி," என்றார் நமசிவாயம். "அதுக்குள்ளை ஒப்பம் இல்லாட்டி மைதானத்தை விட்டிட்டு, மிச்சக் காணியிலை விடுதி கட்டப் போயினம். ஒரு வழி இருக்கு. அவர் மோசம் போனார், உயிரோடை இல்லை எண்டு பதிஞ்சால் நீர் தனிய எழுதலாம்."

"அப்பிடிப் பதிய மாட்டன்."

"ஆறு வருசம், ஒரு கடுதாசி இல்லை..."

"விடுங்கோ ஐயா," என்றார் இராசநாயகம். மைதானம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அந்தப் பதிவில் சாட்சிக்கு அவரால் ஒப்பம் வைக்க முடியாது. "தங்கச்சி, நாலு மாதத்துக்கு முன்னம் ஒரு சம்மதக் கடுதாசி தந்தனான். அவனுக்கு அனுப்பினனீரோ?"

கனகாம்பிகை அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, காணி தாறதெண்டால் இரண்டு விசயம். அடிக்கிற இடத்தை இந்தப் பக்கம், மேற்காலை, எங்கடை வீட்டோடை போட வேணும். பின்னேர வெயில் அடிக்கிறவன்ரை கண்ணிலை படக்கூடாது. மற்றது, வீட்டுப் பக்கம் மதில் வேண்டாம். கம்பிவேலி போதும்."

"மதில் இல்லாட்டிப் பந்து வந்து உம்மடை யன்னலை உடைக்கும்," என்றார் நொத்தாரிசு.

"முதுகுப் பக்கம் பந்து வராது ஐயா."

இராசநாயகத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. வரைபடத்தில் அடிக்கிற இடம் கிழக்கே இருந்தது; பல்கலைக்கழகம் விட்ட பிழை அதுதான். எட்டு வருசமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

"நீர் எப்ப எல்லே விளையாடினனீர்?"

"அவர் சொல்லுறவர்."

"சரி. இரண்டுக்கும் ஓம். நான் பொறுப்பு."

"அப்ப இருங்கோ. கடுதாசி போன கிழமை வந்திட்டுது. எடுத்துக்கொண்டு வாறன்."

உள்ளே போனவள் லேசில் வரவில்லை. நமசிவாயம் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். "வந்த கடுதாசியை முதலே சொல்லியிருந்தால் எங்கடை சைக்கிள் ரயராவது மிஞ்சியிருக்கும்," என்று செபநாயகம் முணுமுணுத்தான்.

கனகாம்பிகை கடுதாசியை இராசநாயகத்திடமே நீட்டினாள். அடியில் தம்பிராசாவின் ஒப்பம். விளையாட்டுக்கு முன்னால் கட்சிப் பட்டியலில் அவன் வைக்கிற அதே ஒப்பம், கடைசி எழுத்தின் காலை அதே மாதிரி இழுத்து விட்டிருந்தான். அவர் பெருவிரலால் அதை ஒருதரம் தடவினார். உயிரோடு இருக்கிறான். எவ்வளவு தொலைவில் என்றாலும் இருக்கிறான்.

"அவன்ரை கைதான்," என்றார். "நான் சாட்சி."

"ஒருக்கால் வரச் சொல்லும் தங்கச்சி. மைதானம் திறக்கிற அண்டைக்காவது," என்றார் இராசநாயகம்.

"சொல்லுறன் அண்ணை."

நமசிவாயம் எழுந்து சால்வையை உதறினார். "வந்திருந்தவை நாலு பேர் எண்டு எழுதி முடியும் தம்பி."

மற்ற இருவரும் முன்னால் நடந்தார்கள். வாசல் படலையைச் சாத்தக் கை வைத்தபோதுதான் இராசநாயகம் தன் பெருவிரலைக் கண்டார். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி, சாக்குக்குள் கிடந்து, போன கிழமை வந்து சேர்ந்த ஒப்பத்தின் நீல மை, இன்னும் ஈரமாக அதில் ஒட்டியிருந்தது.

மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கையைப் பொத்திக்கொண்டார். பின்னால் வீட்டுக் கதவு சாத்துப்பட்டு, உள்ளே பூட்டில் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.