வாசலிலிருந்து நாற்காலி வரை

நாடகத்தின் கடைசிக் காட்சியில் கிழவர் வாசலிலிருந்து நாற்காலி வரை நடக்க வேண்டும். அவர் நடக்க நடக்க முன்னால் ஒவ்வொரு விளக்காக எரியும், பின்னால் ஒவ்வொன்றாக அணையும். அதற்கான நேரத்தை லைட்டிங் போர்டில் பதிந்து வைத்திருந்தவள் ஜெசிந்தா.

இதுவரை கிழவராக நடித்து, போன வாரம் இறந்துபோன பொன்னுரங்கத்தின் இடத்துக்கு வந்த புது நடிகர் அன்று காலை ஒத்திகையில் நடந்து பார்த்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் வெளிச்சம் பாதி மேடையில்தான் வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, லைட்டு இப்படி ஊர்ந்து வருது?" என்றார் டைரக்டர் சேதுராமன். "முதல் ஷோவுல எத்தனை செகண்டு வெச்சோம்?"

"பதினொண்ணு சார்."

"இப்ப?"

"இருபத்தாறு."

அவர் படியேறி வந்து போர்டின் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு ஷோவையும் அவள் தேதி போட்டுத் தனித்தனியாகச் சேமித்திருந்தாள். பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, இருபத்தொன்று, இருபத்தாறு. இருட்டு பொன்னுரங்கத்தை முந்திவிடக் கூடாதே என்று அவள்தான் யாரிடமும் சொல்லாமல் நொடிகளைக் கூட்டிக்கொண்டே வந்தாள். வெளிச்சமும் கூடவே மெதுவாக நடந்ததால் எல்லோரும் அதை நடிப்பு என்றே நினைத்தார்கள். டைரக்டரே ஒருநாள் அந்த நடைக்குக் கைதட்டினார்.

"அவருக்கு முடியலைன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

ஜெசிந்தாவின் விரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியிருந்தது. ஆளில்லாத மேடையில், வாசலருகே முதல் விளக்கு எரிந்தது. நாற்காலிக்குப் போய்ச் சேர அதற்கு இன்னும் இருபத்தைந்து நொடி இருந்தது.