ஒட்டிய உறை

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ ரஸேமா. ஓட்டு ரகசியம்" என்றார் மைன்ராட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, மேசைமேல் கிடந்த வாக்குச்சீட்டை முழங்கையால் மறைத்துக்கொண்டார்.

"எட்டு வருஷமா குளிப்பாட்டுறவகிட்ட ரகசியமாம்!" சிரித்துக்கொண்டே அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். வாணலியில் மக்காச்சோள ரவை உதிர உதிர வறுபட்டுக்கொண்டிருந்தது.

சீட்டில் ஒரே கேள்விதான். போஸ்னியாவிலிருந்து வந்த ரஸேமாவுக்கு லீக்டன்ஸ்டைன் குடியுரிமை கொடுக்கலாமா, வேண்டாமா? பத்து வருஷம் இருந்தவர்கள் கேட்கலாம். கொடுப்பது ஊர்க்காரர்கள் கையில். ஊர் ஓட்டு இல்லாமல் கிடைக்க முப்பது வருஷம் ஆக வேண்டும். அவளுக்கு ஆகியிருப்பது பதினொன்று.

பக்கத்து நாடான ஆஸ்திரியாவின் வியன்னாவில் அவள் மகள் அல்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட யாருமில்லை. போஸ்னியா கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு ரஸேமா அங்கே தொண்ணூறு நாளுக்குமேல் தங்க முடியாது. லீக்டன்ஸ்டைன் கடவுச்சீட்டு கிடைத்தால் மகள் பக்கத்திலேயே இருந்து வேலையும் பார்க்கலாம்.

"எவன் வேண்டாம்னாலும் என் ஓட்டு உனக்குத்தான்" என்று மைன்ராட் பென்சிலை எடுத்தார். "ஆமா, கடவுச்சீட்டு கையில வந்ததும் என்ன பண்ணுவ?"

"முதல் ரயில்! நேரா வியன்னாதான். உங்க மூத்திரச் சட்டியை ரொட்டிக்கடை எகோன் வந்து கழுவட்டும்."

எகோன் பெயரை எடுத்தாலே கெக்கலிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. பென்சில் கீறும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. ரவை கருகிவிடுமே என்று அவள் கிளறிக்கொண்டிருந்தாள்.

சீட்டை உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து அவரே ஒட்டினார். கூட அனுப்ப வேண்டிய வாக்காளர் அட்டையில் கையெழுத்துப் போடத்தான் துணை வேண்டியிருந்தது. ரஸேமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் கோட்டுக்குள் வைத்து, மழையில் நடந்துபோய், ஊராட்சி அலுவலகப் பெட்டியில் தன் கையாலேயே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஊராட்சி அலுவலகத்தில் எண்ணி முடித்தார்கள். கொடுக்கலாம், அறுபத்து நான்கு. வேண்டாம், அறுபத்து ஐந்து.

ஊராட்சித் தலைவர் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தாளை மடித்தார். ரஸேமா தரையைப் பார்த்தாள். முந்தின நாள் கூலிக்கு அவளே மண்டிபோட்டுத் தேய்த்த தரை. அதன்மேல் சேற்றுச் செருப்போடு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மைன்ராட் ஜன்னலோரம் இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வழக்கம்போல வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து, கீழே உட்கார்ந்து, அவர் கால்களை அதில் வைத்தாள்.

"ஒரே ஒரு ஓட்டு பெரியவரே" என்றாள் கடைசியில். "அந்த ஒருத்தர் மனசு வச்சிருந்தா நான் அல்மாகிட்ட போயிருப்பேன். அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? இன்னும் பத்தொன்பது வருஷம் பொறுத்துக்கடின்னா?"

அவர் ஜன்னலையே பார்த்தார்.

"எகோனாத்தான் இருக்கும். பதினோரு வருஷத்துல ஒரு வணக்கம் சொன்னதில்ல, கல்லு மூஞ்சிப்பய."

"எகோனைத் திட்டாத."

"ஏன், திடீர்னு அவன் மேல என்ன கரிசனம்? நீங்க திட்டாத திட்டா?"

தண்ணீருக்குள் அவர் கால்கள் நடுங்கின. ஆறிப்போச்சோ என்று அவள் விரலை விட்டுப் பார்த்தாள்; சூடாகத்தான் இருந்தது. குனிந்திருந்த அவள் பிடரியில் ஒரு துளி விழுந்தது.

"நீதானே புள்ள சொன்ன, முதல் ரயில்னு."