ஞாயிற்றுக்கிழமை மீன்

"வந்தாச்சு, உங்க மூணு முத்துக்களும்! கொஞ்சமாவது ஈவிரக்கம் இருந்தா இப்படி வாராவாரம் வந்து நிப்பாங்களா?"

அவள் முணுமுணுத்தது கணவனுக்குக் கேட்கவில்லை. கேட்காத காதுப் பக்கமாகப் பார்த்துத்தான் முணுமுணுத்தாள்.

அந்தக் காதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். சின்ன வயதிலிருந்தே அவன், மெக்கானிக், டெய்லர், பேங்க்காரன் என்று நாலு நண்பர்களுக்கும் ஞாயிறு விடிந்தால் கடல்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறை இடுக்கில் பதுங்கியிருக்கும் மீனை ஈட்டித் துப்பாக்கியால் அடிப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளுக்கு அந்தக் கடல் ஒரு சக்களத்தி.

போன வருஷம் ஆழத்தில் அவனுடைய செவிப்பறை கிழிந்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் சுழன்றபோது மெக்கானிக்தான் பாய்ந்து இழுத்து வந்தான். "இனிமே தலை தண்ணிக்குள்ள போகவே கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒழிந்தாள் சக்களத்தி என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் ஒருநாள் குளியலறையில், வாளித் தண்ணீரைக் கையால் அளைந்தபடி அவன் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

அப்படி ஏங்கிக் கிடக்கிறவன் எதிரே உட்கார்ந்துகொண்டு இவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே!

"இன்னிக்குத் தண்ணி கண்ணாடிடா! அடியில மணலை எண்ணலாம்" என்றான் டெய்லர்.

"எங்க இறங்கினீங்க? அந்த உடைஞ்ச படகு கிடக்குமே, அங்கயா?" கணவன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான்.

"அங்கதான். பேங்க்காரன் மேல மிதந்து காவல் பார்க்கறான். நான் முங்கறேன்" என்று மெக்கானிக் ஆரம்பித்தான். "படகுக்கு அடியில ஒரு கலவா. வாய் இம்மாம் பெருசு! அது என்னைப் பார்க்குது, நான் அதைப் பார்க்கறேன்..."

"நீ அவசரக் குடுக்கையாச்சே. உடனே அடிச்சிருப்ப!"

"இல்லடா. மீன் திரும்பற வரைக்கும் மூச்சைப் பிடின்னு நீ சொல்வியே, அது ஞாபகம் வந்துச்சு. காத்திருந்தேன்."

கணவன் கண்ணை மூடிக்கொண்டான். உட்கார்ந்த இடத்திலேயே அவனும் மூச்சைப் பிடித்திருந்தான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பசித்தவன் எதிரே இலை போட்டுச் சாப்பிடுகிற கூட்டம்! அவர்கள் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருந்த மீன் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

முன்பெல்லாம் மீன் கழுவுவது அவள் வேலை. காது போனதிலிருந்து அவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பாவம், மீனையாவது தொட்டுக்கொண்டிருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். இன்றைக்குக் கோபத்தில் அவளே கத்தியை எடுத்தாள்.

கலவாவின் கழுத்தோரம் ஈட்டி ஓட்டை. மீனைப் புரட்டிப்போட்டாள். மறுபக்கம் வழவழவென்று இருந்தது.

எத்தனை வருஷம் கழுவியிருக்கிறாள்! இந்தப் பக்கம் பாய்ந்த ஈட்டி அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டாமா? ஓட்டையைச் சுற்றி ரத்தம் உறைந்த அடையாளமே இல்லை. செவுளைத் தூக்கினால் உள்ளே ஒரு ஐஸ் துண்டு.

கடை மீன்! வாங்கி வந்து ஒரு குத்து குத்தி, வீரக் கதையும் அளக்கிறார்கள்!

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மீனைத் தட்டோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் புறப்பட்டாள். சமையலறை வாசலிலேயே கணவன் மறித்து, அவளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.

"விடுங்க. உங்களை முட்டாளாக்கறாங்க! இது கடையில வாங்கின மீனு!"

"சத்தம் போடாதே. தெரியும்."

"தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும். மெக்கானிக்கோட ஸ்க்ரூடிரைவர் என்ன தடிமன்னு எனக்குத் தெரியாதா? நீ பார்த்துடக் கூடாதுன்னுதான் நானே கழுவறேன்."

"அப்ப இவங்க கடலுக்கே போறதில்லையா?"

"ஒருத்தன் முங்கினா ஒருத்தன் மேல காவல். நாங்க ரெண்டு ஜோடி. என் இடத்துல வேற ஆளைச் சேர்க்கவும் அவனுங்களுக்கு மனசு வரலை, என்னை விட்டுட்டு இறங்கவும் மனசு வரலை. நான்தான் ஆஸ்பத்திரியில கத்தினேன், எனக்காக நிறுத்தினா என் வீட்டுப் படி ஏறாதீங்கன்னு. அதான் இந்த நாடகம்."

அவள் கையிலிருந்த தட்டு தாழ்ந்தது. ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று எத்தனை ஞாயிறு திட்டியிருப்பாள்!

"சரிங்க. உண்மை தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே? அவங்களுக்கும் பொய் மிச்சம். நீங்களும் இப்படிக் கேட்டுக் கேட்டு ஏங்க வேண்டாமே" என்றாள்.

கூடத்திலிருந்து மெக்கானிக் கத்தினான். "டேய், எங்கடா போன? கதை பாதியில நிக்குது!"

"இதோ வந்துட்டேன்!" என்று பதில் குரல் கொடுத்துவிட்டு, கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஏங்கறது நான் மட்டும்னா நினைக்கற? நான் உட்கார்ந்து கேட்டாத்தான்டி அவனுங்க கதையிலயாவது கடல்ல இறங்க முடியும்."